கடைசி நாள் கடந்த 6 விண்ணப்பங்கள்: ஒரு வட்டாரத்தில் சுற்றறிக்கைகள் தலைமையாசிரியர்களைச் சென்றடைந்த விதம் பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

தமிழ்நாட்டின் ஒரு கல்வி வட்டாரத்தில் நிகழ்ந்ததை இங்கே பதிவு செய்கிறேன். வட்டாரத்தின் பெயர், பள்ளியின் பெயர், தொடர்புடையவர்களின் பெயர்கள் எவையும் தரப்படவில்லை. அப்போது அவ்வட்டார வள மையத்தில் ஆசிரியர் பயிற்றுநராக இருந்த நான், இந்நிகழ்வில் வெறும் பார்வையாளன் அல்லன். தவறிப்போன அந்தச் சுற்றறிக்கையைத் தலைமையாசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் பகிர்ந்தவனே நான்தான். எனவே பின்வரும் விவரங்களில் என் பங்கும் அடங்கும்.

சம்பந்தப்பட்ட பள்ளி ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி. தலைமையாசிரியரையும் சேர்த்து 5 ஆசிரியர்கள். அலுவலகப் பணியாளர் எவரும் இல்லை. இத்தகைய பள்ளிகளில் தலைமையாசிரியரே வகுப்பெடுப்பார், எமிஸ் எனும் கல்வித் தகவல் தளத்தில் பதிவேற்றுவார், காலை உணவுக்கான வருகையைக் குறிப்பார், பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத் தீர்மானத்தை எழுதுவார், வங்கிக்கும் அவரே செல்வார். மாநிலத்தில் 37 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகள் உள்ளன. அவற்றில் பெரும்பான்மை தொடக்க, நடுநிலைப் பள்ளிகளே என்பதால், இப்பள்ளியின் நிலை விதிவிலக்கன்று.

அச்சுற்றறிக்கையின் பொருள், தேசிய வருவாய்வழி மற்றும் திறன் படிப்புதவித் திட்டத் தேர்வு, ஆசிரியர்களிடையே என்.எம்.எம்.எஸ். என்றே வழங்கும். 2008இல் ஒன்றிய அரசு தொடங்கிய இத்திட்டத்தில் தேர்வாகும் மாணவருக்கு 9ஆம் வகுப்பு முதல் 12ஆம் வகுப்பு வரை மாதம் 1,000 ரூபாய், அதாவது ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கும். தமிழ்நாட்டிற்கான ஒதுக்கீடு ஆண்டுக்கு 6,695 இடங்கள். அரசு, உள்ளாட்சி, அரசு உதவி பெறும் பள்ளிகளில் 8ஆம் வகுப்புப் படிக்கும், பெற்றோரின் ஆண்டு வருமானம் மூன்றரை லட்சம் ரூபாய்க்கு மிகாத மாணவர்கள் எழுதலாம். மனத்திறன் பகுதியில் 90 வினாக்கள், படிப்பறிவுப் பகுதியில் 90 வினாக்கள். 8ஆம் வகுப்பில் மட்டுமே எழுத முடியும் என்பதால், அந்த ஒரு வாய்ப்பு தவறினால் மறுவாய்ப்பு கிடையாது.

இங்கே ஒரு நிர்வாக விவரத்தைச் சொல்லியாக வேண்டும். நடுநிலைப் பள்ளிகள் தொடக்கக் கல்வி இயக்ககத்தின் கீழ் வருபவை. அவற்றின் தலைமையாசிரியர்கள் வட்டாரக் கல்வி அலுவலரையும், அவருக்கு மேல் மாவட்டக் கல்வி அலுவலரையும் பார்த்தே பழகியவர்கள். 2022இல் மாவட்டக் கல்வி அலுவலர் பணியிடங்கள் தொடக்கக் கல்விக்கு, இடைநிலைக் கல்விக்கு, தனியார் பள்ளிகளுக்கு எனத் தனித்தனியாகப் பிரிக்கப்பட்டதிலிருந்து இக்கோடு மேலும் தெளிவாயிற்று. ஆனால் என்.எம்.எம்.எஸ். தேர்வை நடத்துவது அரசுத் தேர்வுகள் இயக்ககம். 10, 12ஆம் வகுப்புப் பொதுத்தேர்வுகளுக்காக ஆண்டு முழுவதும் அவ்வியக்ககத்தோடு தொடர்பில் இருக்கும் உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கு அதன் இணையதளம் அன்றாடக் கருவி. நடுநிலைப் பள்ளிக்கோ ஆண்டுக்கு ஒருமுறை திறக்கும் கதவு. அதன் செயல்முறைகளும், அதாவது அலுவலக ஆணைகளும், வழக்கமான பாதையில் அன்றிப் பக்கவாட்டில் வந்து சேர்பவை.

டிசம்பர் இறுதி முதல் பிப்ரவரி வரை

அப்பள்ளியின் கணித ஆசிரியர் ஜூலை மாதத்திலிருந்தே மாலை 4.10 மணிக்கு மேல் ஒரு மணி நேரம் 8ஆம் வகுப்பு மாணவர் 6 பேருக்கு மனத்திறன் வினாக்களில் பயிற்சி அளித்து வந்தார். விண்ணப்ப அறிவிப்பு பெரும்பாலும் டிசம்பரை ஒட்டி வரும் என்பது அவருக்குத் தெரியும். ஆகவே நவம்பரிலேயே முந்தைய ஆண்டின் மாதிரிப் படிவத்தை நகலெடுத்து, புகைப்படம் ஒட்டி, சாதி, வருமான விவரங்களை நிரப்பி, தேர்வுக் கட்டணமான 50 ரூபாயையும் பெற்று, ஒரு காக்கி நிற உறையில் இட்டுத் தலைமையாசிரியரிடம் ஒப்படைத்திருந்தார். அறிவிப்பு வந்ததும் இணையத்தில் பதிவேற்ற வேண்டியது ஒன்றே மிச்சம். உறை தலைமையாசிரியர் அறையின் பீரோவில், மதிப்பெண் பதிவேடுகளுக்கு மேலே வைக்கப்பட்டது.

அரையாண்டு விடுமுறையில், டிசம்பர் கடைசி வாரத்தின் ஓர் இரவு 9.40 மணிக்கு அந்தச் செயல்முறை எனக்கு வந்தது. அதே நிமிடம் வட்டாரத் தலைமையாசிரியர்கள் குழுவுக்கு அனுப்பினேன். கோப்பின் பெயர் எண்களின் நீண்ட வரிசை. அதன் மேல் நான் தட்டச்சு செய்தது "தேர்வு தொடர்பாக – மிக அவசரம் – உடன் நடவடிக்கை எடுக்கவும்" என்பது மட்டும். கோப்பை நான் திறந்தும் பார்க்கவில்லை. அன்று மாலை அதே குழுவில் விலையில்லா நோட்டுப் புத்தக இருப்பு விவரம், மின்கட்டண அட்டை எண், ஒரு பணி நிறைவு விழா அழைப்பு, மூன்றாம் பருவப் பாடநூல்களைப் பெற வேண்டிய இடம், ஒரு தலைமையாசிரியரின் தாயார் மறைவுச் செய்தியும் அதற்கு வந்த இரங்கல்களும் என வரிசையாக வந்திருந்தன.

அத்தலைமையாசிரியர் செய்தியைப் பார்த்தார். கைகூப்பும் படம் ஒன்றைப் பதிலாக இட்டார். "தேர்வு தொடர்பாக" என்றிருந்ததை, நடந்து முடிந்த அரையாண்டுத் தேர்வின் மதிப்பெண் பதிவேற்றம் பற்றியது என்று கருதியதாகப் பின்னர் கூறினார். அவருடைய கைபேசியில் சேமிப்பிடம் நிரம்பியிருந்ததால் பழைய படங்களை அழித்தால்தான் புதிய கோப்பு இறங்கும். மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார். மறுநாள் வேறு கோப்புகள் வந்தன.

ஜனவரி 2ஆம் வாக்கில் பள்ளி திறந்ததும் கணித ஆசிரியர் கேட்டிருக்கிறார்: "மேடம், என்.எம்.எம்.எஸ். வந்துடுச்சா?" அவர் சொன்ன விடை: "இன்னும் தபால் வரலை சார்." அது பொய்யன்று. அவருடைய அறிவுக்கு எட்டியவரை அப்பொருளில் எந்தத் தபாலும் வரவில்லை. அடுத்த சில நாள்களில் கணித ஆசிரியர் தந்தையின் உடல்நிலை காரணமாக விடுப்பில் சென்றார். தலைமையாசிரியருக்கு அருகில் இருந்த ஓர் ஈராசிரியர் பள்ளியின் பொறுப்பும் அம்மாதம் கூடுதலாகச் சேர்ந்தது. பொங்கல் விடுமுறை வந்தது. விண்ணப்பத்திற்கான கடைசி நாள் சில நாள்கள் நீட்டிக்கப்பட்டது. அந்த நீட்டிப்பு அறிவிப்பையும் நானே பகிர்ந்தேன், அதையும் "கால அவகாசம் நீட்டிப்பு" என்ற மூன்று சொற்களோடு மட்டும். எதற்கான அவகாசம் என்று எழுத எனக்குத் தோன்றவில்லை.

பிப்ரவரியில், பக்கத்து ஊர்ப் பள்ளியின் ஆசிரியர் ஒருவர் தம் மாணவர்களுக்கு நுழைவுச்சீட்டு இறக்கிவிட்டதாகச் சொன்னபோதுதான் கணித ஆசிரியருக்குத் திடுக்கிட்டது. பீரோவைத் திறந்தபோது உறை வைத்த இடத்திலேயே இருந்தது. உள்ளே 6 படிவங்கள், ஒவ்வொன்றின் மூலையிலும் குண்டூசியால் குத்திய ஒரு 50 ரூபாய்த் தாள்.

அன்று பிற்பகலே தலைமையாசிரியர் வட்டாரக் கல்வி அலுவலகத்திற்கு வந்தார். அலுவலர் மாவட்ட அளவில் தொலைபேசியில் விசாரித்தார். பெயர்ப்பட்டியல் இறுதியாகி, வினாத்தாள் கட்டுகளும் அதற்கேற்பப் பிரிக்கப்பட்டுவிட்டதால் சேர்க்க வழியில்லை என்ற விடையே கிடைத்தது. 6 பேரும் அத்தேர்வை எழுதவில்லை.

தலைமையாசிரியர் இதை மறைக்கவில்லை. அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பெற்றோரை அழைத்துத் தாமே சொன்னார், நானும் உடனிருந்தேன். பணத்தைத் திருப்பிக் கொடுத்தபோது, நூறு நாள் வேலைக்குச் செல்லும் ஒரு தாய் தாளை வாங்கிக்கொண்டு கேட்டார்: "மாசம் ஆயிரம்னு சொன்னீங்களே டீச்சர், இனிமே எப்பவுமே கெடையாதா?" தலைமையாசிரியரால் விடை சொல்ல இயலவில்லை. நானும் சொல்லவில்லை.

கண்டறியப்பட்டவை

விளக்கம் கோரும் குறிப்பாணை ஒன்று அலுவலகத்தில் தயாராயிற்று. வட்டாரக் கல்வி அலுவலர் அதில் ஒப்பமிடுமுன், அச்செய்தி கடந்து வந்த பாதையை ஒரு தாளில் எழுதித் தருமாறு என்னிடம் கேட்டார். அந்தத் தாளை எழுதும்போதுதான், இயக்ககத்திலிருந்து முதன்மைக் கல்வி அலுவலர், மாவட்டக் கல்வி அலுவலர், வட்டாரம் என ஒவ்வொரு படியிலும் செய்தி மேலிருந்து கீழே தள்ளப்பட்டிருக்கிறதே தவிர, எவர் ஒருவரும் அதைப் படித்து, "இது யாருக்கு, என்ன செய்ய வேண்டும், எந்த நாளுக்குள்" என்று எழுதவில்லை என்பது எனக்குப் புலப்பட்டது. பகிர்ந்தவுடன் அவரவர் கடமை முடிந்ததாக அவரவர் எண்ணினோம். கடைசிப் படியில் இருப்பவருக்குத் தள்ளிவிட வேறு படி இல்லை. குறிப்பாணை மட்டும் அவருக்கு.

பின்னர், பள்ளி நடந்த ஒரு வாரத்தில் தலைமையாசிரியர்கள் குழுவில் வந்த எல்லாச் செய்திகளையும் உட்கார்ந்து எண்ணினேன். ஏறத்தாழ 200 செய்திகளில், பள்ளியில் ஏதேனும் ஒரு செயலைக் கோரியவை 30ஐத் தாண்டவில்லை. அவற்றிலும் கடைசி நாள் குறிப்பிடப்பட்டவை பாதியளவே. "அவசரம்", "மிக அவசரம்", "தனி கவனம்" என்ற அடைமொழிகளோ செயல் கோராத செய்திகளிலும் தாராளமாக இருந்தன. இது ஒரு குழுவின் கணக்கு. எமிஸ், காலை உணவு, எண்ணும் எழுத்தும், நலத்திட்டங்கள், குறுவள மையம், தேர்தல் பணி, சங்கம் என அத்தலைமையாசிரியரின் கைபேசியில் மொத்தம் 9 குழுக்கள் இருந்தன. செய்தி கிடைக்காமல் அவர் தவறவில்லை. செய்திகளுக்குள் அந்த ஒன்று மூழ்கிவிட்டது.

அடுத்தது, அச்செய்தி உண்மையில் தேவைப்பட்டவர் கணித ஆசிரியர். அவர் அக்குழுவில் இல்லை. காகிதத் தபால் இருந்த காலத்தில் இதற்கு ஒரு வழி இருந்தது. சுற்றறிக்கைப் பதிவேட்டில் தலைமையாசிரியர் எழுதி, ஒரு மாணவனிடம் கொடுத்து வகுப்பு வகுப்பாக அனுப்புவார். ஆசிரியர்கள் படித்து ஒப்பமிடுவார்கள். வாட்ஸ்அப் வந்ததும் அந்தப் பதிவேடு பல பள்ளிகளில் வழக்கொழிந்தது. செய்தி வேகமாக வருகிறது என்று நாம் மகிழ்ந்த அதே மாற்றத்தில், அது தலைமையாசிரியரின் சொந்தக் கைபேசியோடு நின்றுபோனதை யாரும் கவனிக்கவில்லை.

மூன்றாவதாகக் கண்டது எனக்கு மிகவும் உறுத்தலானது. கடைசி நாளுக்கு முன் இப்பள்ளி பதிவு செய்யவில்லை என்பது அலுவலகத்திற்குத் தெரிந்திருக்க முடியாதா என்ற கேள்வி எழுந்தது. பதிவு செய்த பள்ளிகளின் பட்டியல் எங்களிடம் இருந்தது. ஆனால் 8ஆம் வகுப்பில் தகுதியுள்ள மாணவர் இல்லாத பள்ளியும், மாணவர் இருந்தும் மறந்த பள்ளியும் அப்பட்டியலில் ஒரே மாதிரிதான் தெரியும்: இரண்டுமே வெற்றிடம். நாங்கள் வெற்றிடத்தைப் பார்த்து "அங்கே பிள்ளைகள் இல்லை போலும்" என்று எடுத்துக்கொண்டோம். எத்தனையோ அற்ப விவரங்களுக்குக்கூட இன்மை அறிக்கை, அதாவது 'எதுவும் இல்லை' என்ற எழுத்துப் பதில், கேட்டு வாங்கும் துறை, இதற்கு மட்டும் கேட்கவில்லை.

வட்டாரத்தின் மற்ற தலைமையாசிரியர்களிடம் அவர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்றும் விசாரித்தேன். பணி நிறைவுக்கு ஓராண்டே எஞ்சியிருந்த ஒருவர், மேசை இழுப்பறையிலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்துக் காட்டினார். தினமும் மாலை கைபேசியைப் பார்த்து, செய்ய வேண்டியவற்றை மட்டும் அதில் எழுதுவார், கடைசி நாளைச் சிவப்பு மையில் வட்டமிடுவார், முடிந்ததும் குறுக்குக்கோடு. "போன்ல பாத்தா பாத்த மாதிரி இருக்கும் தம்பி, செஞ்ச மாதிரி இருக்காது" என்றார். பிறகு வட்டாரம் எடுத்த முடிவுகளின் வித்து அந்த நோட்டில்தான் இருந்தது.

எடுக்கப்பட்ட முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு, குறிப்பாணையை நிறுத்தி வைப்பது. தலைமையாசிரியரின் கவனக்குறைவு மறுக்க முடியாதது. ஆனால் அவரிடம் மட்டும் விளக்கம் கேட்டால், மற்ற தலைமையாசிரியர்கள் அதிலிருந்து கற்பது, இனி எல்லாச் செய்திக்கும் மறக்காமல் கைகூப்ப வேண்டும் என்பதாக மட்டுமே இருக்கும் என வட்டாரக் கல்வி அலுவலர் கருதினார். இதில் எனக்கு அப்போது முழு உடன்பாடு இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 6 குழந்தைகளின் இழப்புக்கு எவரும் எழுத்தில் பதில் சொல்லாமல் போவது முறையா என்ற எண்ணம் இருந்தது. கடைசியில் தலைமையாசிரியரிடமும் என்னிடமும் தனித்தனியே நடந்தவற்றை எழுதி வாங்கி, இரண்டையும் ஒரே கோப்பில் வைத்தார்.

தீர்வாக முன்வந்த யோசனைகளில், தேர்வுகளுக்கென்று ஒரு தனி வாட்ஸ்அப் குழு என்பது உடனே கைவிடப்பட்டது. 9 குழுக்கள் 10 ஆவதே அதன் பயன். ஒவ்வொரு பள்ளிக்கும் தொலைபேசியில் சொல்வது என்பது வட்டார வள மையத்தில் இருக்கும் ஆள்களைக் கொண்டு நடவாத காரியம். பள்ளியின் மின்னஞ்சலுக்கு அனுப்பலாம் என்றார் ஒருவர். பல பள்ளிகளில் அதன் கடவுச்சொல், மாறுதலாகிச் சென்ற முன்னாள் தலைமையாசிரியரிடம் இருந்தது.

இறுதியில் ஏற்றுக்கொண்டது இது. வேலை நாள்தோறும் பிற்பகல் 3.30 மணிக்கு வட்டாரத்திலிருந்து ஒரே ஒரு தாள் செல்லும். அதற்கு நாட்செய்தித் தாள் என்று பெயரிட்டோம். அதில் நான்கு கட்டங்கள்: பொருள், எந்தப் பள்ளிகளுக்கு, பள்ளியில் செய்ய வேண்டியது, கடைசி நாள். செயல் கோராத எதுவும் அத்தாளில் இடம்பெறாது. கோப்பாக அன்றிப் படமாகவே அனுப்பப்படும், திறக்காமலே கண்ணில் படுவதற்காக. பள்ளி விடுமுன் வர வேண்டும் என்பதற்காகவே 3.30 மணி. இரவு வந்தால் அது தலைமையாசிரியரின் வீட்டிற்குப் போகிறது. பிற்பகலில் வந்தால் பள்ளிக்குப் போகிறது. தலைமையாசிரியர்கள் குழுவில் நிர்வாகிகள் மட்டுமே பதிவிடலாம் என்று மாற்றப்பட்டது. வாழ்த்துக்கும் இரங்கலுக்கும் வேறு குழு ஏற்கெனவே இருந்தது.

பள்ளியில் ஒருவர் அத்தாளைச் சுற்றறிக்கைப் பதிவேட்டில் எழுதி, எல்லா ஆசிரியர்களிடமும் ஒப்பம் பெற வேண்டும். தலைமையாசிரியரோடு இன்னோர் ஆசிரியரின் எண்ணும் குழுவில் சேர்க்கப்பட வேண்டும். உதவித்தொகை, தேர்வு, சேர்க்கை ஆகிய மூன்று பொருள்களில் மட்டும் கடைசி நாளுக்கு 5 நாள் முன்னதாக எல்லாப் பள்ளிகளும் "இத்தனை பேர் பதிவு" என்றோ இன்மை அறிக்கையோ அனுப்ப வேண்டும். வெற்றிடத்தை வெற்றிடமாக விடுவதில்லை என்பதே இதன் நோக்கம்.

நடைமுறைக்கு வந்த பின்

ஜூனில் புதிய கல்வியாண்டோடு இது தொடங்கியது. எதிர்ப்பு நான் எதிர்பார்த்த இடத்திலிருந்து வரவில்லை. பதிவேடு எழுதுவதைத் தலைமையாசிரியர்கள் சுமையாகக் கருதுவார்கள் என நினைத்தேன். மூத்தவர்கள் பழைய நண்பரைக் கண்டதுபோல் அதை எடுத்துக்கொண்டார்கள். இரண்டாவது ஆசிரியரைக் குழுவில் சேர்ப்பதில்தான் சிக்கல் எழுந்தது. நாளை ஏதேனும் தவறினால் அவரையும் பொறுப்பாக்குவீர்களா என்று சங்கப் பொறுப்பாளர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. அவர் தகவல் அறிபவர் மட்டுமே, செயலுக்குப் பொறுப்பு தலைமையாசிரியரே என்று எழுத்தில் கொடுத்த பின் ஏற்றுக்கொண்டார்கள்.

இன்மை அறிக்கை அனுப்பாத பள்ளிகளின் பெயர்களை முதலில் பொதுக்குழுவில் இட்டேன். ஒரு தலைமையாசிரியர் மாதாந்திரக் கூட்டத்தில் எழுந்து, தம் பள்ளியில் இரண்டு நாளாக இணைய இணைப்பே இல்லை என்பதைக் கேட்காமல் பெயரைப் போட்டது அவமதிப்பு என்றார். அதன்பின் பெயர் இடுவதை நிறுத்தி, விடுபட்டவர்களை மட்டும் தனியே தொலைபேசியில் அழைத்தேன். அவர்கள் 4, 5 பேரைத் தாண்டியதில்லை. எல்லாரையும் அழைப்பது நடவாதென்று கைவிட்ட யோசனை, விடுபட்டவர்களை மட்டும் அழைப்பதாக உருமாறியபோது எளிதாயிற்று.

இரண்டு சறுக்கல்கள்

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஒரு நாள் காலை 6 மணியளவில், மழை காரணமாகப் பள்ளிகளுக்கு விடுமுறை என்ற தொலைக்காட்சிச் செய்திப் படம் ஒன்று பல குழுக்களில் சுற்றியது. மாவட்டத்தின் பெயர் சரி, தேதியும் மாதமும் சரி. ஆண்டு மட்டும் இல்லை. அது முந்தைய ஆண்டுப் படம். ஒரு தலைமையாசிரியர் அதை நம்பி, காலை உணவு சமைக்கும் மகளிர் குழுவினரிடம் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். 8 மணிக்கு இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் நனைந்த பையோடு வந்து நின்றார்கள், அடுப்பு மூட்டப்படவில்லை. அருகில் இருந்த கடையில் பிஸ்கட் வாங்கிக் கொடுத்து, அவசரமாகச் சமையலரை அழைத்து, 9.30 மணிக்கு மேல்தான் உணவு வழங்க முடிந்தது.

எங்கள் தாள் பிற்பகலில்தான் வரும். காலையில் எழும் செய்திக்கு அதில் இடமே இல்லை என்பதை நாங்கள் யோசித்திருக்கவில்லை. மழை விடுமுறையை அறிவிப்பவர் மாவட்ட ஆட்சியர். அன்றைய தேதியும் ஆண்டும் உள்ள அவரது அறிவிப்பு வட்டாரக் குழுவில் வந்தால் மட்டுமே விடுமுறை, வராதவரை பள்ளி உண்டு என்று அதன்பின் ஒரு விதி சேர்க்கப்பட்டது. மழைநாள்களில் காலை 6 மணி முதல் 7.30 மணி வரை வட்டாரக் கல்வி அலுவலரோ நானோ கைபேசியை எடுத்தாக வேண்டும் என்பதும் அதில் அடங்கும்.

இரண்டாவது சறுக்கல் முழுக்க என்னுடையது. அவ்வாண்டின் என்.எம்.எம்.எஸ். அறிவிப்பு வந்தபோது, மிகுந்த கவனத்தோடு அதைத் தாளின் முதல் வரியாக எழுதினேன். "எந்தப் பள்ளிகளுக்கு" என்ற கட்டத்தில் "8ஆம் வகுப்பு உள்ள அரசுப் பள்ளிகள்" என்று இட்டேன். மறுநாள் காலை ஓர் உதவி பெறும் பள்ளியின் தலைமையாசிரியர் அழைத்தார்: "எங்க பிள்ளைங்களுக்கு இந்த வருஷம் இல்லையா சார்?" அவர் கேட்டதால் பிழைத்தோம். கேட்காமல், தாளில் இல்லையென்றால் நமக்கில்லை என்று அவர் விட்டிருந்தால், சென்ற ஆண்டு ஒரு பள்ளிக்கு நேர்ந்தது இவ்வாண்டு வேறொரு பள்ளிக்கு, அதுவும் எங்கள் திருத்தத்தின் பெயராலேயே நேர்ந்திருக்கும். சுருக்கி எழுதுபவன் கையில் விதியே மாறிவிடும் என்பது அன்று விளங்கியது. அன்று முதல் தாளின் ஒவ்வொரு வரிக்கும் மூலச் செயல்முறையின் ந.க. எண் எனப்படும் கோப்பு எண் சேர்க்கப்பட்டது, மூலக் கோப்பும் உடன் அனுப்பப்பட்டது, அனுப்புமுன் இன்னோர் ஆசிரியர் பயிற்றுநர் மூலத்தோடு ஒப்பிட்டுப் படித்தார்.

அடுத்த ஆண்டுப் பதிவு

கடைசி நாளுக்கு 5 நாள் முன்னதாக அறிக்கை கேட்டபோது, 8ஆம் வகுப்பு உள்ள பள்ளிகளில் மூன்று மட்டும் விடுபட்டிருந்தன. ஒன்றில் தகுதியுள்ள மாணவர் இல்லை. ஒன்றில் தேர்வுத் துறை இணையதளத்தின் கடவுச்சொல் வேலை செய்யவில்லை. மூன்றாவது பள்ளியின் தலைமையாசிரியர் மருத்துவ விடுப்பில் இருந்தார். குழுவில் இருந்த இரண்டாவது ஆசிரியரே செய்தியைப் பார்த்துப் படிவங்களைத் தயார் செய்து, பதிவேற்ற அதிகாரமின்றிக் காத்திருந்தார். மூன்றும் அவ்வாரமே சரிசெய்யப்பட்டன. முதல் ஆண்டில் தவறிய பள்ளியிலிருந்து 7 பேர் எழுதி, இருவர் தேர்வுப் பட்டியலில் வந்தனர்.

முதல் ஆண்டின் 6 பேர் அப்போது 9ஆம் வகுப்புக்காக அருகிலுள்ள உயர்நிலைப் பள்ளிக்குச் சென்றிருந்தார்கள். ஊரகப் பகுதி 9ஆம் வகுப்பு மாணவர்களுக்கான ஊரகத் திறனாய்வுத் தேர்வுக்கு அவர்களில் வருமான வரம்புக்குள் வந்த 4 பேரைப் பதிவு செய்ய அப்பள்ளித் தலைமையாசிரியரிடம் நேரில் கேட்டுக்கொண்டோம், செய்தார். அதில் ஒரு வருவாய் மாவட்டத்திற்கு மாணவர் 50 பேர், மாணவியர் 50 பேர் மட்டுமே தேர்வு செய்யப்படுவர். உதவித்தொகையும் ஆண்டுக்கு 1,000 ரூபாய்தான். மாதத்திற்கு 1,000 ரூபாயை இழந்ததற்கு அது ஈடென்று நான் எந்தப் பெற்றோரிடமும் சொல்லவில்லை.

கோப்பில் இருந்த குறிப்பாணை ஒப்பமிடப்படாமலே, மேல்நடவடிக்கை இல்லை என்ற குறிப்புடன் முடிக்கப்பட்டது.

மாற்ற வேண்டியவை

மீண்டும் செய்வதாயின், பெற்றோரை முதல் நாளிலிருந்தே இதில் சேர்த்திருப்பேன். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் "டிசம்பர், ஜனவரியில் இதற்கு அறிவிப்பு வரும், வராவிட்டால் எங்களைக் கேளுங்கள்" என்று ஜூலையிலேயே சொல்லியிருந்தால், கணித ஆசிரியர் விடுப்பில் இருந்த அந்த நாள்களில் அந்தத் தாய் வந்து கேட்டிருப்பார். இரண்டாம் ஆண்டிலும் இதைச் சில பள்ளிகளே செய்தன.

நாட்செய்தித் தாள் ஓரிருவரைச் சார்ந்து நிற்பதும் சரியன்று. நான் ஒரு வாரப் பயிற்சிக்கு வெளியூர் சென்றபோது இரண்டு நாள் தாள் வரவில்லை. மூன்றாம் நாள் மூன்று தாள்கள் சேர்ந்து வந்தன. கடைசி நாள் குறித்த வேலை எதுவும் அவற்றில் இல்லாதது தற்செயல்.

செயல்முறைகள் உருவாகும் இடத்திலேயே முதல் வரியில் யாருக்கு, என்ன, எந்த நாளுக்குள் என்று இருந்துவிட்டால் வட்டாரங்கள் இந்த வேலையைச் செய்ய வேண்டியதே இல்லை. அது எங்கள் கையில் இல்லை. கோப்புக்குப் பெயர் வைப்பது மட்டும் எங்கள் கையில் இருந்தது. இப்போது எண் வரிசைக்குப் பதிலாகப் பொருளையும் கடைசி நாளையும் பெயராக இட்டே பகிர்கிறோம்.

தீராத ஒன்று உண்டு. தேர்வான அந்த இரு மாணவர்களும் உதவித்தொகையைப் பெறுவதற்கு 9ஆம் வகுப்பில் தேசிய உதவித்தொகை இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். பின் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். அதற்கும் கடைசி நாள் உண்டு. அவர்கள் சேர்ந்த உயர்நிலைப் பள்ளியோ தொடக்கக் கல்விப் பிரிவுக்கு வெளியே இருப்பதால் எங்கள் தாள் அங்கே செல்வதில்லை. ஜூன் முதல் வாரத்தில் இருவரின் பெயரையும் தேர்வெண்ணையும் ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக் கொண்டுபோய் அப்பள்ளியின் தலைமையாசிரியரிடம் கொடுத்தேன். அவர் அதை மேசைக் கண்ணாடிக்கு அடியில் செருகி வைத்தார்.